மொத்தம் ஒன்றுதான், கட்-ஆஃப் வேறு: மலை மாணவர்களின் கல்லூரிக் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து கடிதங்கள் குவிகின்றன. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் இருபத்தாறு ஆண்டுகள் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால், ஓய்வுபெற்ற பிறகும் ஜூன் மாதத்தில் எனக்கு ஓய்வு கிடையாது. பாதிக் கடிதங்கள் மகன் பெயரில் அப்பா எழுதியவை. "அடியேனின் மதிப்பெண்" என்று பதினேழு வயதுப் பையன் எழுதமாட்டான் என்பது எனக்குத் தெரியாதா? இருக்கட்டும். இந்த முறை எல்லாருக்கும் பொதுவான பிரச்சினை, மேடும் பள்ளமுமான மதிப்பெண் பட்டியல். ஏழு கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில்.

கணிதத்தில் 92 இருக்கிறது. இயற்பியலில் 58, வேதியியலில் 61தான். அம்மா தேயிலைத் தோட்டத் தொழிலாளி. எட்டாம் வகுப்புவரை எஸ்டேட்டில் உள்ள உதவிபெறும் பள்ளி, பிறகு அரசுப் பள்ளி. பொறியியல் ஆசை. மொத்தம் குறைவு என்பதால் விண்ணப்பிக்கவே தயக்கமாக இருக்கிறது. (சேரம்பாடி மாணவர்)

மொத்தத்தை யார் கேட்டார்கள், தம்பி? அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வில் கணிதம் முழுசாக 100-க்கு. இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி, 50-க்கு. ஆக 200. இந்த 200-க்கு வரும் எண்தான் கட்-ஆஃப். உங்கள் கணக்கு 92, 29, 30.5. கூட்டினால் 151.5.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் கணிதத்தில் 58, இயற்பியலில் 92, வேதியியலில் 61 வாங்கியிருக்கிறான் என்று வையுங்கள். மூன்று பாட மொத்தம் உங்களுக்கும் அவனுக்கும் 211தான். அவன் கட்-ஆஃப் 58, 46, 30.5, அதாவது 134.5. பதினேழு மதிப்பெண் வித்தியாசம்! தரவரிசையில் இது ஆயிரக்கணக்கான இடங்கள். ஒரே கட்-ஆஃபில் பலர் நின்றாலும் முதலில் பார்க்கப்படுவது கணித மதிப்பெண். அங்கேயும் உங்கள் கை ஓங்கித்தான் இருக்கும்.

இனி, எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று கொடுக்கும் விருப்பப் பட்டியல். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் கோடு போட்ட நோட்டில் பதினொரு வரி எழுதிக்கொண்டு வந்தான். பதினொன்றும் கணினி அறிவியல். பதினொன்றும் கோவையின் பெரிய கல்லூரிகள். கட்-ஆஃப் 148. "இதில் ஒன்றாவது கிடைக்காதா மிஸ்?" என்றான். கிடைக்கவில்லை. அந்தச் சுற்றில் எந்த இடமும் ஒதுக்கப்படாமல், அடுத்த சுற்றில் மிச்சம் மீதிக்குக் காத்திருந்தான். ஆசைப்பட்டதில் தப்பில்லை. பதினொரு வரியோடு நிறுத்தியதுதான் தப்பு. எத்தனை வரி வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஒரு கல்லூரியும் ஒரு பாடப்பிரிவும் சேர்ந்தால் ஒரு வரி.

நான் சொல்லும் முறை இது. சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பினருக்கு எந்தக் கட்-ஆஃபில் இடம் முடிந்தது என்பது கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கிறது. அதை உங்கள் சாதிப் பிரிவின் பத்தியில் பாருங்கள். பொதுப் பிரிவைப் பார்த்துப் பயந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் 151.5-ஐவிட ஏழெட்டு மதிப்பெண் மேலே முடிந்தவற்றில் ஐந்தாறு எழுதுங்கள். முன்னும் பின்னும் மூன்று மதிப்பெண்ணுக்குள் முடிந்தவைதான் உங்கள் சோறு. அதில் இருபது, முப்பது வேண்டும். பத்து மதிப்பெண் கீழே முடிந்தவற்றில் பத்து. கணினி கிடைக்காத அதே கட்-ஆஃபுக்கு அரசுப் பொறியியல் கல்லூரியில் சிவில், மெக்கானிக்கல் கிடைப்பது உண்டு. பர்கூர், சேலம், ஈரோடு எல்லாம் மலையிலிருந்து எட்டாத தூரமில்லை.

வரிசையை மட்டும் ஆசைப்படி வையுங்கள். கிடைக்கும் வாய்ப்புப்படி வைக்காதீர்கள். கலந்தாய்வுக் கணினி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து, உங்களுக்குக் காலியாக இருக்கும் முதல் வரியில் நிற்கும். எட்டாத கல்லூரியை முதலில் எழுதினால் நட்டம் ஒன்றுமில்லை. கிடைத்தாலும் போகமாட்டேன் என்கிற கல்லூரியை எங்கேயும் எழுதாதீர்கள். அதுதான் கிடைக்கும்; என் அனுபவம் அப்படி.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் அதை உறுதிசெய்ய வேண்டும். ஏற்றுக்கொண்டே, மேல் வரிகளில் இடம் காலியானால் அது வேண்டும் என்றும் கேட்கலாம். அவகாசம் குறைவு. ஆடி மழையில் உங்கள் ஊரில் மின்சாரமும் கோபுரமும் சேர்ந்தே படுத்துவிடும். அந்த நாட்களில் கூடலூரில் உறவினர் வீட்டில் தங்குங்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டைப் பற்றி மறைமுகமாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் அது. உதவிபெறும் பள்ளி கணக்கில் வராது. மூன்று ஆண்டு எஸ்டேட் பள்ளி உங்களைத் தடுத்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு இது நடக்கிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. வீட்டில் பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கிவிடுங்கள்; கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு.

பிளஸ் ஒன்னில் இரண்டு பாடத்தில் தவறி, பிறகு எழுதித் தேறினேன். பிளஸ் டூவில் 600-க்கு 471. கல்லூரிகள் பிளஸ் ஒன் மதிப்பெண்ணைப் பார்த்து ஒதுக்கிவிடுமா? (கூடலூர் மாணவி)

ஒதுக்காது. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்த புதிதில் இரண்டு ஆண்டு மதிப்பெண்ணையும் சேர்ப்பதாக இருந்தது; 2018-லேயே அதைக் கைவிட்டு, பிளஸ் டூ மட்டும் போதும் என்றாகிவிட்டது. தேறிவிட்டீர்கள் அல்லவா, நிம்மதியாகத் தூங்குங்கள்.

மகள் வணிகவியல் பிரிவு. தமிழில் 97. ஆங்கிலம் 52, மற்ற நான்கு பாடங்களும் சேர்த்து 400-க்கு 214. பி.காம். கிடைக்குமா? இல்லையென்றால் தமிழ் இலக்கியத்தில் தள்ளிவிட வேண்டியதுதானா? (கோத்தகிரி தாய்)

"தள்ளிவிட" என்ற சொல்லைப் படித்துவிட்டு ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்துதான் பதில் எழுதுகிறேன், அம்மா.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பி.ஏ. தமிழுக்குத் தரவரிசை தமிழ் மதிப்பெண்ணை வைத்து. ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணை வைத்து. மற்ற படிப்புகளுக்கு மொழிப்பாடங்களை விட்டுவிட்டு நான்கு பாடங்களின் 400. ஆகவே பி.காம். வரிசையில் உங்கள் மகள் 214-ஓடு நிற்பாள். தமிழ் வரிசையில் 97-ஓடு நிற்பாள். முதல் வரிசையில் அவளுக்கு முன்னால் பெரிய கூட்டம். இரண்டாவதில் அவள் முன்வரிசைக்குப் பக்கத்தில். உதகை ஸ்டோன் ஹவுஸில் இயங்கும் அரசு கலைக் கல்லூரிக்கும் கூடலூர் கல்லூரிக்கும் இரண்டு பாடமும் போட்டு விண்ணப்பியுங்கள். பி.காம்.தான் வேண்டும் என்றால் மேட்டுப்பாளையம், கோவைப் பக்கத் தனியார் கல்லூரிகளில் கிடைக்கும். கட்டணத்தை மூன்றாண்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தமிழ் படித்தவள் பி.எட். முடித்து ஆசிரியராகலாம்; அரசுப் பணித் தேர்வுகளில் இப்போது தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். அதெல்லாம் பிறகு. அவளிடம் எது பிடிக்கும் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது மட்டும் இல்லை.

உயிரியல் 94, வேதியியல் 78, கணிதம் 61, இயற்பியல் 55. விவசாயக் குடும்பம், கேரட், உருளைக்கிழங்கு போடுகிறோம். வேளாண்மைக்கு 144, கால்நடைக்கு 160.5 வருகிறது. கால்நடைதானே எனக்குச் சாதகம்? (குந்தா மாணவர்)

கணக்குச் சரி. வேளாண்மையில் நான்கு பாடத்திலும் பாதி: 47, 39, 30.5, 27.5; கூட்டினால் 144. கால்நடை மருத்துவத்தில் உயிரியல் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதி: 94, 27.5, 39; மொத்தம் 160.5. ஆனால் 160.5 என்பது 144-ஐவிடப் பெரிய எண் என்பதாலேயே கால்நடை உங்களுக்குப் பக்கத்தில் வந்துவிடாது. எந்த எண்ணையும் அந்தப் படிப்பு சென்ற ஆண்டு முடிந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். கால்நடை மருத்துவத்தில் இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம். 190-ஐத் தாண்டி நிற்பவர்களே வரிசையில் நிறைய. தலைகுந்தா ஏற்றத்தில் நடந்துவிட்டேன், தொட்டபெட்டாவும் ஏறிவிடுவேன் என்பது போன்ற கணக்கு இது.

வேளாண்மைப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பி.எஸ்சி. வேளாண்மை என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாதீர்கள். தோட்டக்கலை இருக்கிறது, கேரட் பாத்தியில் வளர்ந்த பிள்ளைக்கு அதைவிட எது பொருத்தம்? பெரியகுளத்தில், பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் தோட்டக்கலைக் கல்லூரி, மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரி. பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரிகளோடு தனியார் இணைப்புக் கல்லூரிகளையும் சேருங்கள். அவற்றில் கட்-ஆஃப் இறங்கும், கட்டணம் ஏறும். அதற்கும் கீழே உத்தரவாதத்துக்கு உதகை அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல் அல்லது விலங்கியல். அங்கே நான்கு பாடங்களின் 288 உங்கள் கையில்.

வேதியியலில் எழுத்துத் தேர்வில் 14, செய்முறை 20, அகமதிப்பீடு 10. மொத்தம் 44 இருந்தும் தேர்ச்சி இல்லை என்று வந்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் 500-க்கு 441. ஓராண்டு வீண்தானா? (குன்னூர் மாணவர்)

எழுபதுக்கு நடக்கும் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 வேண்டும். ஒரே ஒரு மதிப்பெண்! நான் திருத்திய காலத்தில் 14-ஐப் பார்த்தால் அந்தத் தாளை இன்னொரு முறை புரட்டுவேன். எல்லாரும் புரட்டுவார்கள் என்று சொல்லமுடியாது. ஆகவே முதல் வேலை, விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிப்பது. அது வந்த பிறகுதான் மறுமதிப்பீட்டுக்குப் போகமுடியும். அந்த முடிவுக்குக் காத்திருக்காமல் துணைத் தேர்வுக்கும் பணம் கட்டிவிடுங்கள். இரண்டும் தனித்தனி, ஒன்றை நம்பி இன்னொன்றை விட்டவர்கள் அழுததைப் பார்த்திருக்கிறேன். துணைத் தேர்வில் தேறியவர்களுக்கென்று பொறியியலில் துணைக் கலந்தாய்வு உண்டு. எஞ்சிய இடங்கள்தான், ஆனாலும் இடங்கள்.

உங்கள் 441-ஐ மறந்துவிட்டீர்கள். பாலிடெக்னிக் முதலாண்டுச் சேர்க்கை பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான். உதகை அரசு பாலிடெக்னிக்கில் இப்போதே விண்ணப்பம் போடுங்கள். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பிளஸ் டூ வேதியியல் அங்கே குறுக்கே நிற்காது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர், மதிப்பெண் எதுவானாலும் வெளிமாநிலத்தில் நர்சிங் இடம் வாங்கித் தருகிறேன் என்கிறார். அசல் சான்றிதழ்களைக் கேட்கிறார். தரலாமா? (கூடலூர் தந்தை)

தரக்கூடாது. என் தங்கை மகள் இப்படித்தான் ஒரு கல்லூரிக்குப் போய், ஒரே மாதத்தில் திரும்பி வந்தாள். சான்றிதழ்கள் திரும்பி வர ஏழு மாதமும் இரண்டு ரயில் பயணமும் ஆயிற்று. இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கட்டணம் கல்லூரிக் கணக்குக்குப் போக வேண்டும், ரசீது கல்லூரி பெயரில் வேண்டும். அந்த ஆள் இதற்கே முகம் சுளித்தால் வேலை முடிந்தது.

நான் பணியர் பழங்குடிச் சமூகம். 600-க்கு 412, ஆங்கிலத்தில் 38. எங்கள் குடியிருப்பில் பிளஸ் டூ முடித்த முதல் பெண். பி.எஸ்சி. படிக்க ஆங்கிலம் தடையா? சாதிச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. (பந்தலூர் மாணவி)

ஆங்கிலம் தடையில்லை, கண்ணு. மேலே கோத்தகிரி அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்: பி.எஸ்சி. தரவரிசையில் மொழிப்பாடம் வராது. தமிழில் 81 என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் 38-ஐயும் கழித்தால் நான்கு பாடங்களில் 293. இது நல்ல மதிப்பெண். கூடலூர் அரசுக் கல்லூரி பக்கம். அதை முதலில் வையுங்கள், உதகையை இரண்டாவதாக. அரசுக் கல்லூரிகளில் சில பிரிவுகள் தமிழ்வழியிலும் நடக்கின்றன. விண்ணப்பிக்கும்போதே அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உங்கள் கணக்குக்கு வரும். அது பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகும்.

எனக்குக் கவலை சான்றிதழைப் பற்றித்தான். பழங்குடியினர் சான்றிதழை வட்டாட்சியர் தரமாட்டார். வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். உங்களுக்குக் கூடலூர் கோட்டம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டு, அப்பா அல்லது அண்ணன் பெயரில் பழைய சான்றிதழ் இருந்தால் அதன் நகல், பள்ளி மாற்றுச் சான்றிதழ், இவற்றோடு நேரில் போய் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு முறை போயும் நகரவில்லையென்றால் திங்கள்கிழமை உதகையில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள்; கல்லூரி விண்ணப்பத்தின் கடைசித் தேதியை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். தலைமையாசிரியரையோ வகுப்பாசிரியரையோ கூட அழைத்துப் போங்கள். யாரும் கிடைக்கவில்லையென்றால் எனக்கு எழுதுங்கள், நான் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன்.