வகுப்பறைச் சூழல் மாணவர்களின் படைப்பாற்றலை வளர்க்குமா?

வளர்க்கும், ஆனால் சுவர் முழுக்கப் படம் ஒட்டுவதால் அல்ல. அலங்காரம் மிகுந்த அறையில் சிறு குழந்தைகளின் கவனம் அதிகம் சிதறியதையும், கற்றது குறைந்ததையும் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள்.

சரி, எதுதான் உதவும்? பிள்ளைகள் கைவைத்து மாற்றக்கூடிய அறை. கடலைப் பற்றிப் பாடமா? மேசைகளை நகர்த்தி, நீலத் துணி தொங்கவிட்டு, அவர்களே ஒரு நீர்மூழ்கிக் கப்பலைக் கட்டட்டும். உள்ளே வெளிச்சம் எப்படி வரும், மூச்சுவிட என்ன வழி என்று தானாகக் கேட்கத் தொடங்குவார்கள். கற்பனை அங்கேதான் வேலை செய்கிறது. எல்லாவற்றையும் ஆசிரியரே முந்தைய நாள் செய்து வைத்துவிட்டால் அவர்கள் வெறும் பார்வையாளர்கள்.

அப்புறம், மணி அடித்ததும் பாதி வேலையைக் கலைத்துவிடாதீர்கள். மறுநாள் தொடர ஒரு மூலையை ஒதுக்குங்கள்.