சோறு போடும் இடம்

வணக்கம் ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். என் தங்கை மகன் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் இருக்கிறான். போன வாரம் பேசும்போது, அங்கே நூலக வாசலில் வீடற்றவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தவர்களுக்கு போலீஸ் அபராதச் சீட்டு எழுதிய கதையைச் சொன்னான். பசித்தவனுக்குச் சோறு போடுவது குற்றமா? கேட்டதிலிருந்து மனசு கொதிக்கிறது.

ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் அம்மாவின் நினைவு நாளில் ஒவ்வொரு வருடமும் பேருந்து நிலையம் பக்கம் 100 சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பேன். இந்த வருடம் ஒரு கடைக்காரர் தடுத்தார். “நீங்க குடுத்துட்டுப் போயிடுவீங்க. காலையில நான்தான் கூட்டணும்” என்றார். திரும்பிப் பார்த்தால், நான் கொடுத்த பொட்டலங்களிலேயே சில பிரிக்காமல் கிடந்தன. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது அல்லவா? நாம் இப்படிக் கொடுப்பதால்தான் அவர்கள் தெருவிலேயே இருந்துவிடுகிறார்களா? ஓர் இடத்தை ஒதுக்கி, அங்கே மட்டும் கொடுங்கள் என்று சட்டம் போட்டால் தப்பா? தர்மபுரியில் நீங்கள் நண்பர்களோடு இரவுச் சாப்பாடு கொடுப்பதாக எழுதியிருந்தீர்கள். அதனால் உங்களிடம் கேட்கிறேன். என் பெயர் வேண்டாம்.

ஓசூர் வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

ஹூஸ்டனுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தப் பிரிக்காத பொட்டலத்தைப் பற்றிப் பேச வேண்டும். நானும் அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் தப்பாகப் புரிந்துகொண்டும் இருக்கிறேன்.

தர்மபுரி புறநகர் பேருந்து நிலையத்தில் சுவர் ஓரமாக ஓர் ஆயா உட்கார்ந்திருப்பார். சர்க்கரை நோயில் வலது பாதம் புண்ணாகிவிட்டது. மழை நாளில் அதன்மேல் ஒரு பாலிதீன் கவரைக் கட்டிக்கொள்வார். நாங்கள் ஆரம்பித்த புதிதில் பொட்டலமாகத்தான் கொடுத்தோம். ஆயா இரண்டு கையாலும் வாங்குவார், மடியில் வைத்துக்கொள்வார். மறுநாள் போனால் அது அப்படியே இருக்கும், இல்லையென்றால் நாய் இழுத்துப் போட்டிருக்கும். பசி இல்லை போல, வேறு யாரோ முன்னாலேயே கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்துத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். “முடிச்சு அவுக்க வரல சாமி” என்றார்.

விரல்கள் மடங்கிப்போயிருந்தன. நூலின் முனையை அவரால் பிடிக்க முடியவில்லை. அவிழ்த்துத் தரச் சொல்லி, போகிற வருகிறவர்களிடம் பொட்டலத்தை நீட்டியிருக்கிறார். காசு கேட்கிறார் என்று நினைத்து எல்லோரும் ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். காலையில் டீக்கடையில் கொடுக்கும் பன்னை டீயில் நனைத்துத் தின்றதோடு சரி. மடியில் சோறு இருக்க, இரவெல்லாம் பட்டினி கிடந்திருக்கிறார்.

மறுநாளிலிருந்து வாளியும் கரண்டியும் எடுத்துப் போனோம். தட்டு இல்லாதவர்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு வாங்கிக் கொடுத்தோம். ஆயாவுக்கு மட்டும் ஒரு தூக்கில் ராகிக் களியும் கீரைக் கடைசலும். பல் இல்லாத வாய்க்குக் களி சுலபம், உருட்டி விழுங்கிவிடலாம். சாப்பிட்டு முடித்ததும் குழாயில் தட்டைக் கழுவி அவரவர் மூட்டையில் வைத்துக்கொண்டார்கள். இலை இல்லை, பேப்பர் இல்லை, நூல் இல்லை. எங்களைத் திட்டிக்கொண்டிருந்த கடைக்காரர்களில் பாதிப் பேர் அந்த வாரமே திட்டுவதை விட்டார்கள். ஒருவர் மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் கடை வாசலில் ஒரு முறை யாரோ வாந்தி எடுத்து, அதை அவரே கழுவியிருக்கிறார். அவரை என்னால் குறை சொல்ல முடியாது.

அதனால் உங்கள் கடைக்காரரின் குறை நூற்றுக்கு நூறு உண்மை. குப்பையைக் குறைக்கச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

இடம் ஒதுக்குவது பற்றிக் கேட்டீர்கள். அதையும் அனுபவித்தே பார்த்துவிட்டோம். ஒரு வருடம் போல ஆனதும் ஓர் அலுவலர் வந்தார். இங்கே கூட்டம் சேர்கிறது, அரை கிலோமீட்டர் தள்ளி ஓர் இடம் இருக்கிறது, இனிமேல் அங்கே கொடுங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இடமும் நல்ல இடம். விளக்கு, குழாய், மேலே கூரை எல்லாம் இருந்தன. முதல் நாள் இரவு வாளியோடு போய் நின்றோம். வழக்கமாக 14 பேர் சாப்பிடுவார்கள். அன்றைக்கு 5 பேர் வந்தார்கள். ஐந்து பேரும் நன்றாக நடக்கக்கூடிய ஆண்கள். ஆயாவால் வர முடியாது. இன்னொரு பெரியவர் மூட்டையை விட்டு நகர மாட்டார், நகர்ந்தால் திரும்பி வரும்போது அது இருக்காது. ஒரு பெண், அந்த இருட்டான சாலையில் ராத்திரி தனியாக நடக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். நான்காம் நாள் வாளியைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்துவிட்டோம். அப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் தங்கை மகன் சொன்ன கதையிலும் இதே இடப் பிரச்சினைதான் இருக்கிறது. ஹூஸ்டனில் 2012இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஐந்து பேருக்கு மேல் இலவசமாக உணவு கொடுக்க வேண்டுமென்றால், அந்த இடத்தின் சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நகரத்துக்குச் சொந்தமான இடம் என்றால் நகர நிர்வாகத்திடம் வாங்க வேண்டும். பல வருடம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2023இல்தான் மத்திய நூலக வாசலில் கொடுப்பவர்களுக்கு வரிசையாகச் சீட்டு எழுத ஆரம்பித்தார்கள். அதற்குப் பதிலாக நகரம் காட்டிய இடம் எது தெரியுமா? காவல்துறைக் கட்டடம் ஒன்றின் வாகன நிறுத்துமிடம். தெருவில் படுப்பவர் போலீஸைக் கண்டால் எழுந்து போகிறவர் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வழக்குகளில் முதலாவது ஜூரிமுன் போனபோது, உணவு கொடுத்தவர் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்தது.

ஃபுளோரிடாவில் இது இன்னும் பழைய சண்டை. 2014 நவம்பரில் ஃபோர்ட் லாடர்டேல் நகரத்தில், 90 வயதான அர்னால்ட் ஆபட், இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர், பரிமாறிக்கொண்டிருக்கும்போதே போலீஸார் வந்து தட்டைக் கீழே போடச் சொன்னார்கள். கையில் ஆயுதம் வைத்திருந்தவனிடம் சொல்வது போலச் சொன்னார்கள் என்று அவர் பிறகு வேதனையோடு சொன்னார். அதே நகரத்தின் விதியை எதிர்த்து வேறோர் அமைப்பு போட்ட வழக்கில் 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர்கள் பூங்காவில் உணவைப் பகிர்வது கருத்துரிமைக்குள் வரும் என்றது. ஆனால் அதே மாநிலத்தில் இருக்கும் ஆர்லாண்டோவின் 2006ஆம் ஆண்டு விதியை அதே நீதிமன்றம் 2011இல் செல்லும் என்றிருந்தது. நகரத்தின் நடுவே உள்ள பூங்காக்களில் 25 பேரோ அதற்கு மேலோ கூடும்படி உணவு கொடுக்க அனுமதி வேண்டும், ஒரு குழுவுக்கு ஒரு பூங்காவில் வருடத்துக்கு இரண்டே முறைதான் அனுமதி என்பது அந்த விதி. வருடத்துக்கு இரண்டு முறை! இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நோய் பரவும் என்ற காரணத்தையும் சொல்வார்கள். அதையும் தள்ளிவிட முடியாது. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ பகுதியில் 2016 முதல் 2018 வரை ஹெபடைடிஸ் ஏ என்ற மஞ்சள் காமாலை பரவி, சுமார் 590 பேருக்கு வந்தது, 20 பேர் இறந்தார்கள். அதில் பலர் வீடற்றவர்கள். அந்தச் சமயத்தில் பக்கத்து எல் கஹோன் நகரம் பூங்காக்களில் உணவு கொடுக்கத் தடை போட்டு, 2018 ஜனவரியில் கொடுத்தவர்கள்மேல் வழக்கும் பதிந்தது. ஆனால் அந்த நோய் எப்படிப் பரவுகிறது? மலத்திலிருந்து கை வழியாக வாய்க்குப் போகிறது. கழிப்பிடமும் கை கழுவத் தண்ணீரும் இல்லாததுதான் காரணம். சான் டியேகோவில் அதை அடக்கியதும் தடுப்பூசியும், தெருவில் கொண்டுவந்து வைத்த கை கழுவும் தொட்டிகளும்தான். சோற்று வாளிக்குப் பக்கத்தில் ஒரு சோப்பும் ஒரு குடம் தண்ணீரும் வைத்தால் முடிகிற வேலைக்குச் சோற்றையே நிறுத்துவதா?

நம் நாடு மட்டும் ஒழுங்கு என்று நாம் நினைக்க வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்தில் இந்தூரில் 2025 ஜனவரி முதல் பிச்சை போடுகிறவர்மேலும் வழக்குப் பதியலாம் என்று உத்தரவு வந்தது, பதியவும் செய்தார்கள். நம் மாநிலத்திலேயே 2020 ஏப்ரலில், ஊரடங்கு நாட்களில், தன்னார்வலர்களும் கட்சிகளும் நேரடியாக உணவு கொடுக்கக் கூடாது என்று அரசு அறிவித்தது. சில நாட்களில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு, இடைவெளி விட்டுக் கொடுக்கலாம் என்றது. அன்றைக்கு நோய்ப் பயம் எல்லோருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. தகவல் சொல்லிவிட்டுக் கொடு என்பது நியாயமான நிபந்தனை. கொடுக்காதே என்பதை மட்டும்தான் ஏற்க முடியவில்லை.

விதியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நம் பக்கத்திலிருந்து ஊத்தங்கரை வழியாகவும் அரூர் வழியாகவும் பஸ் பஸ்ஸாகத் திருவண்ணாமலைக்குப் போகிறோமே, அங்கே கார்த்திகை தீபத்துக்கு அன்னதானம் செய்ய முன்அனுமதி வாங்க வேண்டும், ஒதுக்கிய இடத்தில்தான் கொடுக்க வேண்டும். அது சரிதான். லட்சக்கணக்கான பேர் நடக்கிற பாதையில் நடுவே அடுப்பு வைத்தால் என்ன ஆகும்? அங்கே நடந்து வருகிறவர் இன்னும் நூறடி நடந்து வாங்கிக்கொள்வார். நம் பேருந்து நிலையத்து ஆயாவுக்கு அந்த நூறடி கிடையாது. அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லியும் 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் வந்தது எத்தனையோ ஏழைகளின் வயிற்றில் பால் வார்த்தது. ஆனால் அதற்கும் அந்த 5 ரூபாய் வேண்டும், அதுவரை நடக்கக் கால் வேண்டும். சமையல் சுத்தமாக இருக்கட்டும், குப்பை விழாமல் இருக்கட்டும், வழியை அடைக்காமல் இருக்கட்டும் என்று எத்தனை விதி போட்டாலும் கைகட்டிக் கேட்டுக்கொள்கிறேன். பசித்தவர் இருக்கிற இடத்திலிருந்து சோற்றை நகர்த்துகிற விதியை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

சோறு போட்டால் தெருவிலேயே இருந்துவிடுவார்களா என்று கேட்டீர்கள். ஒரு வேளைச் சோற்றுக்காகக் கொசுவிலும் மழையிலும் யாராவது படுப்பார்களா? நம் ஊர்க்காரர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போவது உங்களுக்குத் தெரிந்த கதை. அப்படிப் போய் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டல்களில் மாவாட்டிக்கொண்டிருந்த ஒருவர் கை நடுக்கம் வந்து திரும்பி, வீட்டுக்குப் போக வெட்கப்பட்டு, இங்கேயே தங்கிவிட்டார். முதல் இரண்டு மாதம் பெயர் கேட்டால்கூடச் சொல்லமாட்டார். ஒரு நாள் சாதத்தைப் பிசைந்து வாயில் வைத்துவிட்டு, “உப்பு கம்மி” என்றார். எங்களிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. அடுத்த வாரம் குழம்புக்குப் புளியை எப்போது ஊற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அப்புறம்தான் பென்னாகரம் பக்கம் ஊர் என்பதும், அக்கா இருப்பதும் தெரிந்தது. அக்கா மகன் வந்து கூட்டிப்போனார். ஆயா அரசு மருத்துவமனைக்குப் போய்க் காலுக்குக் கட்டுப் போட ஒத்துக்கொண்டதும் களிக்கு அப்புறம்தான். எல்லோருக்கும் இப்படி நடந்துவிடவில்லை. நடந்தவர்களுக்கெல்லாம் ஒரே இடத்தில் தினமும் சோறு போட்டதால் நடந்தது.

சட்டம் பேச வேண்டுமென்றால் உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னதைப் பேசுவோம். நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில், 100 பேர் தங்கும்படி, நாள் முழுக்கத் திறந்திருக்கும் காப்பகம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அது ஒழுங்காக நடக்கட்டும். பூட்டி வைக்காத கழிப்பிடமும், மூட்டையை வைக்க ஓர் அலமாரியும் உள்ள காப்பகம் பக்கத்திலேயே வரட்டும். அன்றைக்கு எங்கள் வாளியை அங்கே கொண்டுபோக எனக்கு என்ன கஷ்டம்?

இன்றைய தர்மபுரியான தகடூரை ஆண்ட அதியமானை ஔவை எதற்குப் புகழ்ந்தார் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் போனாலும், இரண்டு நாள் போனாலும், பல நாள் பலரைக் கூட்டிக்கொண்டு போனாலும், முதல் நாள் காட்டிய அதே விருப்பத்தோடு வரவேற்றான் என்பதற்காக. நாம் அந்த மண்ணில்தான் இருக்கிறோம். ஆனால் அமாவாசை அன்று பகல் 12 மணிக்கு மூன்று குழு சாம்பார் சாதத்தோடு வந்து நிற்கிறது. அன்று ராத்திரி ஒருவரும் இல்லை, மறுநாளும் இல்லை. உங்கள் பொட்டலம் பிரிக்காமல் கிடந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

அதனால் அம்மாவுக்குச் செய்வதை விட்டுவிடாதீர்கள். 100 பொட்டலத்துக்கு ஆகும் பணத்தில் 10 பேருக்கு 10 ராத்திரி போடலாம். முதல் நாள் வெறுங்கையோடு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். யாருக்குப் பல் இல்லை, யாருக்குச் சர்க்கரை, யாரால் எழுந்து நடக்க முடியாது என்று கேளுங்கள். அதற்கும் முன்னால் அந்தக் கடைக்காரரைப் பாருங்கள். எந்த நேரம் அவருக்குத் தொந்தரவு இல்லை, தண்ணீர் எங்கே பிடிக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். ஒரு காலையில் துடைப்பத்தை அவர் கையிலிருந்து வாங்கி நீங்கள் கூட்டுங்கள்.

எங்களிடம் ஒரு வாளியும் கரண்டியும் கூடுதலாக இருக்கின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வருகிறேன், எடுத்து வருகிறேன். களி கிண்டத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் மாவை மட்டும் வாங்கி வையுங்கள். இல்லையென்றால் நானே கிண்டுகிறேன்.

அன்புடன்,
தர்மபுரியிலிருந்து