தண்ணீர் இருந்த தஞ்சாவூர் ஏன் திருப்பூர் ஆகவில்லை?

சில நாடுகளும் ஊர்களும் மட்டும் வேகமாக முன்னேறுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நாடுகளைப் பற்றி எழுத இங்கே படித்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இரண்டு ஊர்தான்: பிறந்தது மன்னார்குடிப் பக்கம், 2008இலிருந்து பிழைப்பு திருப்பூரில்.

மண்ணையும் தண்ணீரையும் வைத்துப் பார்த்தால் நாங்கள்தான் முந்தியிருக்க வேண்டும். எங்களுக்குக் காவிரி, கல்லணை, வண்டல். இவர்களுக்குப் பாதி வருடம் மணலாகக் கிடக்கும் நொய்யலும், எவ்வளவு தோண்டினாலும் கைவிரிக்கும் கிணறும். 1934இல் மேட்டூர் அணை முடிந்து டெல்டாவுக்குத் தண்ணீர் உறுதியானது. அதே காலத்தில்தான் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் கோவைக்கு இறங்கியது. அதை நம்பிப் பஞ்சாலைகள் மளமளவென்று வந்தன, ஆலைக்கும் கிணற்று மோட்டாருக்கும் ரிப்பேர் பார்க்கப் பட்டறைகள் வந்தன, 1937இல் ஜி.டி.நாயுடு மோட்டாரையே கோவையில் செய்து காட்டினார்.

சரி, மின்சாரம் மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. எங்கள் பக்கம் நிலம் மிராசுதார், கோயில், மடம் என்று குவிந்து கிடந்தது. நிலத்துக்காரர் சேற்றில் கால் வைக்காமலே நெல் வீடு வந்து சேர்ந்தது, மிஞ்சிய பணம் இன்னும் கொஞ்சம் நிலத்துக்கோ பையனின் மெட்ராஸ் படிப்புக்கோ போனது. சேற்றில் நின்றவனிடம் காசு கிடையாது. அவன் கூலி கூடுதலாகக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1968 கீழ்வெண்மணி, 44 உயிர். கொங்குப் பக்கமோ மாடு கட்டிக் கவலையில் கிணற்றுத் தண்ணீர் இறைத்த கையே பனியன் மிஷினிலும் உட்கார்ந்தது. (இங்கே சாதி இல்லை என்று சொல்லவில்லை. முதலாளி ஆனவர்கள் பெரும்பாலும் யார் என்று பார்த்தாலே தெரியும்.)

என் முதல் முதலாளி கைமடியாக, அதாவது டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் எடுபிடியாகத் தொடங்கியவர். திருப்பூரில் நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், கட்டிங், தைக்கிற பவர்டேபிள், காஜா பட்டன் எல்லாம் வேறு வேறு ஆள் என்பதால், முழு ஃபேக்டரி போட வசதி இல்லாதவனும் வாடகைக்கு இரண்டு ஓவர்லாக் தையல் மிஷின் எடுத்து ஜாப் ஒர்க் ஆரம்பித்துவிடலாம். அவர் அப்படித்தான் ஆரம்பித்தார். நான் சேர்ந்தபோது நாற்பது மிஷின் இருந்தது, அப்போதும் ராத்திரி ஷிப்டில் டெய்லர் வரவில்லை என்றால் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அவரே பீஸ் தைக்க உட்காருவார். எங்கள் ஊரில் நாற்பது ஏக்கர்காரர் யாரும் நாற்றங்காலில் குனிந்து நான் பார்த்ததில்லை.

இந்த வளர்ச்சிக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. சாயத் தண்ணீர் தேங்கி, நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றி விவசாயமே போனது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் துணி வராமல் எனக்கும் வேலை நின்றது, மூட்டையைக் கட்டி ஊருக்குப் போனேன். அங்கே தாளடி, அதாவது இரண்டாம் போக நெல் அறுப்பு. அறுப்பு மிஷினுக்கு வாடகை கொடுக்க அப்பா என்னிடம்தான் பணம் கேட்டார். மிஷின் ஆத்தூர் பக்கமிருந்து வந்திருந்தது, அதுவும் தண்ணீருக்குத் திண்டாடும் சீமைதான். கடனில் வாங்கியதாம். ஓட்டி வந்தவரே அதன் முதலாளி, இரண்டு நாளும் எங்கள் களத்திலேயே படுத்துக்கொண்டார்.