தூண்டிலுக்குச் சிறிய இறகுப் பூச்சி

கேள்வி: இரணைமடுக் குளத்தில் திலாப்பியாவுக்கு இறகுப் பூச்சி (தூண்டிலில் இறகையும் நூலையும் சுற்றிச் செய்யும் போலிப் பூச்சி) கட்டுகிறேன். 16ஆம் எண் தூண்டிலில் கட்டினால் உருண்டு பருத்துவிடுகிறது. என்ன செய்யலாம்? – வாசகர், கிளிநொச்சி

பதில்: தம்பி, பிழை நூலில்தான். எண் கூடக் கூடத் தூண்டில் சிறுக்கும். 16இல் முழுத் தையல் நூலுக்கு இடமில்லை. முறுக்கைப் பிரித்து ஓர் இழையை மட்டும் எடுத்து, மெழுகு தடவிச் சுற்றுங்கள்.

அப்புறம் இறகு. எங்கள் வளவுச் செஞ்சேவலின் முதுகு இறகைத்தான் நானும் முதலில் எடுத்தேன், தூவி, அதாவது இறகுத் தண்டின் இரு பக்கமும் உள்ள மெல்லிய இழை, நீண்டு பூச்சி சரிந்தே விழுந்தது. கழுத்தில், தலையை ஒட்டியிருக்கும் இறகே சின்னது. தூவியை வளைத்துப் பாருங்கள்: தூண்டில் வாயின் (முனைக்கும் தண்டுக்கும் இடையிலான) அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு போதும். மிதக்க வேண்டுமா, விறைப்பான சேவல் இறகு. தாழ வேண்டுமா, மென்மையான பேட்டு இறகு. தாராவின் வாலடியில் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றியுள்ள பஞ்சு இறகும் அருமையாக மிதக்கும். அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடாதீர்கள்.