ஜோவின் தொப்பி

மதிப்பிற்குரிய ஐயா,

முதுகலை ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில் குறியீடுகள், குடும்ப உறவு, வர்க்கப் பிளவு பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். திருமண நாளில் கைவிடப்பட்ட மிஸ் ஹாவிஷாமின் வீட்டில் எட்டு நாற்பதில் நின்றுபோன கடிகாரங்களையும் சிலந்தி ஊரும் திருமணக் கேக்கையும் வீழும் பிரபுத்துவத்தின் குறியீடுகளாகக் கொள்ளலாமா? நாவலின் இரண்டு முடிவுகளில் எது பொருத்தமானது?

ர.

அன்புள்ள ர.,

சென்ற வாரம்தான் அந்த நாவலை நான்காம் முறையாக வாசித்து முடித்தேன். அதனால்தான் இவ்வளவு விரைவாகப் பதில் எழுதுகிறேன்.

மிஸ் ஹாவிஷாமின் தந்தை பீர் வடித்துப் பணம் சேர்த்தவர். மூடிக்கிடக்கும் வடிசாலையும் காலிப் பீப்பாய்களும் அவள் வீட்டை ஒட்டியே இருக்கின்றன. கதைநாயகனான சிறுவன் பிப் முதல் நாளே அவற்றைப் பார்த்துவிடுகிறான். ரொட்டி சுடுகிறவன் கனவானாக முடியாது, பீர் வடிக்கிறவன் ஆகலாம் என்று 22ஆம் அத்தியாயத்தில் பிப்பின் நண்பன் ஹெர்பர்ட் விளக்குவதை நீங்கள் படித்திருந்தால் பிரபுத்துவம் என்ற சொல்லே உங்கள் கடிதத்தில் வந்திருக்காது. வழிகாட்டி நூலைப் படித்துவிட்டு நாவலைப் படித்ததாக எண்ணிக்கொள்வதை நாங்களும் செய்தோம். ஆனால் எங்கள் நூலகத்தில் நாவல் இல்லை, உங்கள் கைபேசியிலேயே அது இருக்கிறது. இரண்டு முடிவுகளைப் பொறுத்தவரை, தம் நண்பரான நாவலாசிரியர் லிட்டன் சொன்னதைக் கேட்டு டிக்கன்ஸ் மாற்றி எழுதினார் என்பதற்கு மேல் எனக்கு அதில் அக்கறையில்லை.

என்னைத் தூங்கவிடாதது 27ஆம் அத்தியாயம். பிப்பை வளர்த்த கொல்லர் ஜோ, உறவுமுறையில் அக்காவின் கணவர், நம் வழக்கில் அத்தான், கனவானாகிவிட்ட பையனைப் பார்க்க லண்டனுக்கு வருகிறார். பணம் கொடுத்து அவர் வரவைத் தடுக்க முடிந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்கிறான் பிப். தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கணப்பின் மேல்தட்டு மூலையில் ஜோ வைக்கிறார், அது விழுகிறது, பாய்ந்து பிடித்து மறுபடி வைக்கிறார், மறுபடி விழுகிறது, கடைசியில் எச்சில் தேநீர் கொட்டும் கிண்ணத்துக்குள்ளேயே போய்ச் சேர்கிறது. தயவுசெய்து இதற்கும் ஒரு குறியீட்டுப் பொருள் எழுதிவிடாதீர்கள்.

கவனிக்க வேண்டியது ‘சார்’ என்ற சொல். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு பேச்சுவழக்கில் எப்போதோ தேய்ந்துவிட்டதால், ஜோவின் வாயில் ஒரு ‘சார்’ ஏறி இறங்குவதை வைத்தே டிக்கன்ஸ் இருவருக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்கிறார். 57ஆம் அத்தியாயத்தில் பிப் கடனிலும் காய்ச்சலிலும் கிடக்கும்போது ஜோ வந்து பணிவிடை செய்கிறார்; அப்போது ‘சார்’ இல்லை, பழைய செல்லப்பேச்சு திரும்பிவிடுகிறது. உடல் தேறத் தேற ‘சார்’ மெல்ல மெல்ல மீண்டும் வருகிறது. ஒரு நாள் காலையில் பார்த்தால் ஜோ இல்லை. 123 பவுண்டு, 15 ஷில்லிங், 6 பென்ஸ் கடனை அடைத்த ரசீது மட்டும் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் பூட்ஸ் மை டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டியதைத் தம் வாசகர்களிடம் கடைசிவரை மறைத்த டிக்கன்ஸால்தான் இப்படி எழுத முடியும். தமிழ் வாசகருக்கு இது விளக்காமலே புரிய வேண்டும்; நமக்கு இந்தத் தூரம் வினைமுற்றிலேயே இருக்கிறதே.

என் சித்தப்பா தச்சர். நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது பூவரசில் ஒரு முக்காலி செய்து, பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். காலின் அடிப்பாகத்தைக்கூட உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியிருந்தார். அறை நண்பர்கள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இங்கே இடமில்லை சித்தப்பா” என்றேன். அதுவரை என்னை “டேய்” என்று மட்டுமே அழைத்தவர், “சரிங்க” என்றார். திரும்பிப் போகும்போதும் அதற்கு லக்கேஜ் டிக்கெட் வாங்கியிருப்பார். அவர் இறக்கும்வரை அந்த ‘ங்க’ போகவில்லை. பிப்புக்கு வந்ததைப் போல எனக்கு ஒரு காய்ச்சலும் வரவில்லை.

கடிகாரத்தை விட்டுவிடுங்கள். 27ஐயும் 57ஐயும் அருகருகே வைத்து, ஜோ ‘சார்’ என்று சொல்லும் இடங்களையெல்லாம் பென்சிலால் அடிக்கோடிட்டபின் எனக்கு எழுதுங்கள்.