எங்கள் தெருவில் நேபாளிகள் உணவகம் திறந்திருக்கிறார்கள். நம் நாக்குக்குச் சரிப்படுமா, போய்ப் பார்க்கலாமா?

நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால், அந்தப் பெயர்ப்பலகையை நாள்தோறும் கடந்து சென்றும், உள்ளே நுழைவதைத் தெருக்காரர்கள் பார்த்துவிடுவார்களோ என்று தயங்குபவராகவே தோன்றுகிறீர்கள். நான் காரைக்குடிக்காரன். இந்த ஊரில் பிறந்தவன் வேறொருவர் சமையலைத் தேடிப் போவது இங்கே ஏறக்குறைய துரோகம். நானும் அப்படி நினைத்தவன்தான்.

சென்ற ஆண்டு மகளின் பிரசவத்துக்காக என் மனைவி சிங்கப்பூர் போயிருந்தார். நான் வழக்கமாகச் சாப்பிட்டுவந்த மெஸ்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு வந்தவர்களுக்கு இடம் வேண்டும் என்று சொல்லி, பாதிச் சாப்பாட்டில் எச்சில் கையோடு என்னை எழுப்பி ஓர மேசைக்கு மாற்றினார்கள். அறுபத்திரண்டு வயதில் அப்படி நடந்து போனது இன்றும் உறுத்துகிறது. மறுநாள் மதியம்தான் செக்காலையில் எங்கள் தெருமுனையில் இருக்கும் நேபாளி கடைக்குள் நுழைந்தேன்.

கல்லாவில் இருந்த பெண்மணி எழுந்து நின்று "வாங்க" என்றார். நகரத்தார் வீட்டு விசேஷங்களில் வந்தவர்களை ஒவ்வொருவராக முகம் பார்த்து 'வாங்க' கேட்பார்கள். ஒருவரை விட்டுவிட்டால் அந்த மனத்தாங்கல் எளிதில் ஆறாது. கல்லாப் பெண்மணிக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் பத்துக்கு மேல் இருக்காது. அவற்றுள் இது இருந்தது.

தால் பாத் வந்தது: சோறு, நீர்க்க வைத்த பருப்பு, காய்கறித் தர்காரி, வதக்கிய கீரை, தக்காளி அச்சார். அச்சாரில் நாக்கை லேசாக மரக்கச் செய்யும் ஒரு மணம், கல்பாசியும் மராட்டிமொக்கும் பழகிய எனக்கே பிடிபடவில்லை. திம்மூர் என்றார்கள், மிளகு போன்ற சிறு காய். சோறும் பருப்பும் தீரத் தீர, கேட்காமலே வந்து பரிமாறினார்கள். அடுப்படிப் பையன் ஆண்பிள்ளையான முதலாளியை "தாய், தாய்" என்று அழைத்தது மட்டும் புரியாமல் விழித்தேன். நேபாளியில் அதற்கு அண்ணன் என்று பொருளாம்.

என்னை மடக்கியது குந்த்ருக். கீரையை வாட்டி, பானையில் இறுக அழுத்திப் புளிக்க வைத்து, பிறகு வெயிலில் உலர்த்தி எடுப்பது. அதைப் போட்டுக் கொதிக்க வைத்த புளிப்புச் சாறு, எங்கள் ஆயா கழனித் தண்ணீரில் வற்றல் போட்டு வைக்கும் மண்டியை எங்கிருந்தோ நினைவுக்குக் கொண்டுவந்தது.

செட்டிநாட்டுச் சமையலைத் தாழ்த்துகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நெடுஞ்சாலை நெடுகிலும் 'செட்டிநாடு' என்று பலகை மாட்டி மிளகாய்த்தூளையும் சாயத்தையும் கொட்டுகிறவர்களிடம் அந்தக் கோபத்தைக் காட்டலாம். நாம் பெருமையோடு பரிமாறும் கவுனி அரிசியே பர்மாவிலிருந்து வந்ததுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கோர்க்கா என்பது நேபாளத்தில் ஓர் ஊரின் பெயர். இங்கோ, கல்லாவில் உட்கார்ந்திருப்பவரையும் "கூர்க்கா, தண்ணி கொண்டா" என்று கூப்பிடுகிறார்கள். முதல் மாதம் நானும் வீட்டில் அப்படித்தான் குறிப்பிட்டேன்.

ஆகவே தயங்காமல் போங்கள். காரம் குறைவாக இருந்தால் கேளுங்கள், பச்சைமிளகாய் தருவார்கள். மோமோவை முதல் நாளே கேட்டு வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டாம்.

என் மனைவி திரும்பி வந்துவிட்டார். அந்தக் கடைக்கு வர மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் அவர்கள் குந்த்ருக் கொடுத்தனுப்பிய தூக்குவாளியை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று, கொத்தவரை வற்றலை நிரப்பி என் கையில் கொடுத்தார்.