வெரோனா வென்ற சீசன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இத்தாலியின் முதல்நிலைக் கால்பந்து லீகான 'சீரி ஆ'வில், 1984-85 சீசனில் ஹெலாஸ் வெரோனா என்ற அணி சாம்பியன் ஆனதைச் சென்ற இதழில் ஒரு பதிலினூடே குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பல வாசகர்கள் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்த ஒரு சீசனுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

மரடோனா, பிளாட்டினி, ஜிக்கோ என்று உலகின் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் இத்தாலியில் ஆடிய காலம் அது. அவர்களில் ஒருவர்கூட இல்லாத வெரோனா எப்படி முதலிடம் பெற்றது? (வாசகர், திருச்சி)

நீங்கள் சொன்ன மூவரோடு பட்டியல் முடியவில்லை. இன்டர் மிலானில் ரும்மெனிகே, ஃபியோரென்டினாவில் சாக்ரடீஸ், ரோமாவில் ஃபல்காவ், டொரினோவில் ஜூனியர், சம்ப்தோரியாவில் சூனெஸ் என்று ஏறக்குறைய ஒவ்வொரு பெரிய அணியிலும் அந்தந்த நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். ஆனால் ஓர் அணி இரண்டு வெளிநாட்டவரை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்ற விதி அப்போது நடைமுறையில் இருந்தது. எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் ஒரே அணி எல்லா நட்சத்திரங்களையும் வாங்கிக் குவிக்க அந்த விதி இடம் தரவில்லை. களத்தில் இறங்கும் பதினொருவரில் ஒன்பது பேராவது இத்தாலியர்களாக இருந்தாக வேண்டும் என்னும்போது, அந்த ஒன்பது பேரை யார் சரியாகத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே ஓர் அணியின் தரத்தைத் தீர்மானித்தது. அந்தத் தேர்வில் வெரோனாவின் பயிற்சியாளர் ஒஸ்வால்டோ பன்யோலிக்கு நிகராக அன்று வேறொருவர் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

மிலான் நகரின் தொழிலாளர் பகுதியான போவிசாவில் 1935-இல் பிறந்தவர் பன்யோலி. அதிகம் பேசாதவர். 1981-இல் அவர் பொறுப்பேற்றபோது வெரோனா இரண்டாம் நிலையான 'சீரி பி'யில் இருந்தது. ஒரே ஆண்டில் அணியை மேலே கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே, அதாவது 1982-83 சீசனில், 'சீரி ஆ'வில் நான்காம் இடம் பிடித்தார். 1983, 1984 இரண்டு ஆண்டுகளிலும் வெரோனா இத்தாலியக் கோப்பையின் இறுதிச் சுற்று வரை சென்று, முதலில் யுவென்டஸிடமும் பிறகு ரோமாவிடமும் தோற்றது. ஆகவே 1985 வெற்றியை 'எங்கிருந்தோ வந்த அணி' செய்த அதிசயம் என்று எழுதுவோர், அதற்கு முந்தைய மூன்று ஆண்டு உழைப்பைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

அவர் சேர்த்த ஆட்டக்காரர்களில் பலர் பெரிய அணிகள் வேண்டாமென்று விட்டவர்கள். வலது விங்கில் ஆடிய பியெத்ரோ ஃபன்னாவும் முன்களத்தில் ஆடிய ஜுசெப்பே கால்தெரிசியும் யுவென்டஸில் நிலையான இடம் கிடைக்காமல் வந்தவர்கள். நடுக்களத்தின் மூளையாக இருந்த அந்தோனியோ தி ஜென்னாரோ ஃபியோரென்டினாவிலிருந்து வந்தவர். கோல்கீப்பர் கிளாடியோ கரெல்லா, முன்பு ஆடிய அணிகளில் செய்த பிழைகளுக்காகப் பத்திரிகைகளின் கேலிக்கு ஆளானவர். கைகளைக் காட்டிலும் கால்களால் அதிகம் தடுக்கிறார் என்பார்கள். அந்தக் கால்கள்தான் அந்த ஆண்டு வெரோனாவைப் பல ஆட்டங்களில் காப்பாற்றின. 30 ஆட்டங்களில் அணி விட்டுக்கொடுத்தவை 19 கோல்கள் மட்டுமே. கேப்டன் ரொபெர்த்தோ த்ரிசெல்லா பின்களத்தின் கடைசி ஆளான 'லிபரோ'வாக ஆடினார். பந்தைத் தட்டி வெளியே அனுப்புவதோடு நின்றுவிடாமல், அதைக் காலோடு கொண்டு நடுக்களம் வரை வந்து தாக்குதலைத் தொடங்கிவைப்பார்.

1984 கோடையில் இரண்டு வெளிநாட்டவர் சேர்ந்தனர். கைசர்ஸ்லாடர்ன் அணியிலிருந்து ஜெர்மானியர் ஹான்ஸ்-பீட்டர் ப்ரீகெல், பெல்ஜியத்தின் லோகரன் அணியிலிருந்து டென்மார்க்கின் ப்ரெபென் எல்க்யேர் லார்சன். இளவயதில் தடகள வீரராக இருந்த ப்ரீகெல், ஜெர்மனிக்காகப் பெரும்பாலும் இடது பின்களத்தில் ஆடியவர். பன்யோலி அவரை நடுக்களத்துக்கு நகர்த்தினார். அந்தப் பின்கள ஆட்டக்காரர் அந்த சீசனில் ஒன்பது லீக் கோல்கள் அடித்தார்! என் கணிப்பில் அந்த சீசனின் மிகச் சிறந்த பயிற்சியாளர் முடிவு அதுதான்.

இத்தாலியில் மரடோனா ஆடிய முதல் லீக் ஆட்டமே வெரோனாவுக்கு எதிரானது என்று படித்தேன். அந்த ஆட்டத்தில் என்ன நடந்தது? (வாசகர், நாகர்கோவில்)

1984 செப்டம்பர் 16 அன்று வெரோனாவின் பென்டெகோடி மைதானத்தில் அந்த ஆட்டம் நடந்தது. பார்சிலோனாவிலிருந்து மரடோனாவை நாப்போலி வாங்கியிருந்த விலை அன்றைய உலகச் சாதனை. ஜூலையில் நேப்பிள்ஸில் அவரை வரவேற்கத் திரண்ட கூட்டத்தைப் பற்றி உலகமே பேசியது. அவரைக் கண்காணிக்கும் பொறுப்பைப் பன்யோலி ப்ரீகெலிடம் ஒப்படைத்தார். ப்ரீகெல் மரடோனாவை நிழலாகத் தொடர்ந்ததோடு நில்லாமல், அணியின் முதல் கோலையும் அவரே அடித்தார். பிறகு கால்தெரிசியும் தி ஜென்னாரோவும் அடிக்க, வெரோனா 3-1 என வென்றது.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: மரடோனாவுக்கு அது மோசமான சீசன் அல்ல. நடுத்தர அணியாக இருந்த நாப்போலியில் அவர் 14 லீக் கோல்கள் அடித்தார். அணி எட்டாம் இடத்தில் முடித்தது. அவரைச் சுற்றி ஓர் அணி உருவாக இன்னும் இரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. 1986-87இல் நாப்போலி முதல் முறையாகச் சாம்பியன் ஆனபோது கோல்கம்பத்துக்கு முன் நின்றவர், அதற்குள் வெரோனாவிலிருந்து அங்கு சென்றிருந்த கரெல்லா.

அந்த ஆண்டு நடுவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்ததால்தான் சிறிய அணி வென்றது, பழைய முறைக்குத் திரும்பியதும் பெரிய அணிகளே மீண்டும் வென்றன என்கிறார்களே, இது உண்மையா? (வாசகர், மதுரை)

இந்தக் கேள்வி ஐந்து பேரிடமிருந்து வந்திருக்கிறது. இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்பதை அதற்கென நியமிக்கப்பட்ட ஓர் அதிகாரி முடிவு செய்வதே இத்தாலியில் வழக்கமாக இருந்தது. பெரிய அணிகளுக்கு ஒத்துப்போகும் நடுவர்களே பெரிய ஆட்டங்களுக்கு அனுப்பப்படுகிறார்கள் என்ற சந்தேகம் ரசிகர்களிடம் நெடுங்காலமாக உண்டு. அதற்குமுன், 1980-இல் வெடித்த சூதாட்ட ஊழலில் மிலான், லாசியோ ஆகிய இரு அணிகள் தண்டனையாக இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டிருந்தன. லீகின் நேர்மையின் மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கை அப்போதே ஆட்டம் கண்டுவிட்டது. அத்தகைய சூழலில்தான் 1984-85 சீசனுக்கு நடுவர்களைக் குலுக்கலில் எடுக்கும் முறை கொண்டுவரப்பட்டது. அடுத்த சீசனிலேயே அது கைவிடப்பட்டது. அது இருந்த அந்த ஓராண்டில் வெரோனா வென்றது. இவ்வளவும் உண்மை.

இதற்கு மேல் சொல்லப்படுவது ஊகம். 2006-இல் வெளிவந்த ஊழலில், நடுவர்களை நியமிப்பவர்களோடு அணி நிர்வாகிகள் தொலைபேசியில் பேசி வந்தது அம்பலமாகி, யுவென்டஸ் தன் இரண்டு பட்டங்களை இழந்து 'சீரி பி'க்கு இறக்கப்பட்டது. அதன் பிறகு இந்தக் குலுக்கல் கதைக்குப் புது உயிர் வந்தது. பின்னோக்கிப் பார்க்கையில் எல்லாம் பொருந்துவதுபோல் தோன்றியது. ஆனால் நடுவர்களை அதிகாரிகள் நியமித்த முந்தைய இரண்டு சீசன்களிலும் இதே வெரோனா நான்காம் இடமும் ஆறாம் இடமும் பிடித்து, இரண்டு கோப்பை இறுதிகளிலும் ஆடியது என்பதைக் குலுக்கல் கதையைச் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். குலுக்கல் எல்லா அணிகளுக்கும் பொதுவாகத்தான் இருந்தது. அட்டவணையின் அடியில் கிடந்த கிரெமோனேசேயையோ அஸ்கோலியையோ அது மேலே தூக்கிவிடவில்லை. அந்த ஆண்டு யுவென்டஸின் கவனம் பெருமளவு, பல நாட்டுச் சாம்பியன் அணிகள் மோதும் ஐரோப்பியக் கோப்பையில் இருந்தது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் கருத்து இதுதான்: குலுக்கல் முறை ஒரு சிறிய அணியின் பாதையில் கிடந்திருக்கக்கூடிய ஒரு தடையை அகற்றியது, பாதையை நடந்து கடந்தது அணியேதான். தவறு செய்தார்கள் என்ற சந்தேகம் பெரிய அணிகளின் மீது இருக்கும்போது, அதற்கான விலையை வெரோனாவின் வெற்றியிலிருந்து கழிப்பது அநியாயம். தொழிலாளர் பகுதியிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளரும் ஒதுக்கப்பட்ட ஆட்டக்காரர்களும் சேர்ந்து செய்த காரியத்தை ஒரு குலுக்கல் பெட்டியின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

காலணி இல்லாமல் எல்க்யேர் கோல் அடித்தார் என்பது கட்டுக்கதையா? (வாசகர், யாழ்ப்பாணம்)

கட்டுக்கதை அல்ல. 1984 அக்டோபர் 14 அன்று நடப்புச் சாம்பியனான யுவென்டஸ் வெரோனாவுக்கு வந்தது. முதல் கோலை அடித்தவர் அவர்களுடைய பழைய ஆட்டக்காரரான கால்தெரிசி. பிறகு இடது ஓரத்திலிருந்து பந்தோடு ஓடிவந்த எல்க்யேரைத் தடுக்க யுவென்டஸின் ஸ்டெஃபானோ பியோலி விழுந்து மறித்ததில் எல்க்யேரின் வலது காலணி கழன்றுவிட்டது. அவர் நிற்காமல் உள்ளே புகுந்து, காலுறை மட்டும் அணிந்திருந்த அந்தக் காலாலேயே அடித்து வலைக்குள் அனுப்பினார். அன்று விழுந்து மறித்த பியோலிதான் 2022-இல் ஏசி மிலானைச் சாம்பியன் ஆக்கிய பயிற்சியாளர். எல்க்யேர், 1985-ஆம் ஆண்டின் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான 'பாலோன் தோர்' வாக்கெடுப்பில் பிளாட்டினிக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்றார்.

அப்போது வெற்றிக்கு இரண்டு புள்ளிகள்தானே? இன்றைய மூன்று புள்ளி முறையில் வெரோனா முதலிடம் பெற்றிருக்குமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பெற்றிருக்கும். 16 அணிகள் கொண்ட லீகில் வெரோனா 15 வெற்றி, 13 சமன், 2 தோல்வியோடு 43 புள்ளிகள் எடுத்தது. இரண்டாம் இடம் வந்த டொரினோ 14 வெற்றி, 11 சமன் என்று 39 புள்ளிகளில் நின்றது. மூன்று புள்ளி முறையில் இது 58-க்கு 53 ஆகும். இடைவெளி கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

எந்தக் கட்டத்தில் அவர்கள்தான் சாம்பியன் என்று உறுதியானது? (வாசகர், புதுச்சேரி)

கணக்குப்படி 1985 மே 12 அன்று உறுதியானது. பெர்கமோவில் அட்டலாண்டாவுக்கு எதிராகப் பின்தங்கியிருந்த வெரோனாவுக்கு எல்க்யேர் சமன் செய்து கொடுத்தார், 1-1. ஓர் ஆட்டம் மீதமிருக்கையில் பட்டம் கைக்கு வந்தது.

ஆனால் அந்த அணியின் மன உறுதியை அறிய விரும்புவோருக்கு நான் வேறோர் ஆட்டத்தைச் சொல்வேன். சீசனின் முதல் 14 ஆட்டங்களில் தோல்வியே காணாத வெரோனா, முதல் பாதியின் கடைசி ஆட்டத்தில் அவெல்லினோவில் முதல் முறையாகத் தோற்றது. இனி சரியத் தொடங்கும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். பிப்ரவரியில் உதினேசேயின் மைதானத்தில் 3-0 என்று முன்னிலையில் இருந்தபோது, எதிரணி அடுத்தடுத்து மூன்று கோல்கள் அடித்துச் சமன் செய்துவிட்டது. அத்தகைய நிலையில் எந்த அணியும் ஒரு புள்ளியையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று பின்வாங்குவதுதான் அன்றைய இத்தாலிய வழக்கம். வெரோனா மேலும் இரண்டு கோல்கள் அடித்து 5-3 என்று வென்றது. தற்காப்புக்குப் பெயர்பெற்ற லீகில், லீகிலேயே சிறந்த தற்காப்பை வைத்திருந்த அணி இப்படி ஆடியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதன் பிறகு வெரோனா ஏன் மீண்டும் வெல்லவில்லை? (வாசகர், சிங்கப்பூர்)

வென்ற அணியைச் சேர்த்து வைத்திருக்க அந்த அணிக்கு வசதி இல்லை. 1985 கோடையிலேயே ஃபன்னாவும் இடது பின்கள ஆட்டக்காரர் லூச்சியானோ மரங்கோனும் இன்டருக்குப் போனார்கள். கரெல்லா நாப்போலிக்குப் போனார். அடுத்த சீசனில் வெரோனா பத்தாம் இடத்துக்கு இறங்கியது. ஐரோப்பியக் கோப்பையிலும் அதிர்ஷ்டம் துணை நிற்கவில்லை. முந்தைய ஆண்டு அந்தக் கோப்பையை வென்றிருந்த யுவென்டஸும் அதில் ஆடியதால், இரண்டாம் சுற்றிலேயே இரண்டு இத்தாலிய அணிகளும் மோத நேர்ந்தது. யுவென்டஸ் கோப்பை வென்ற அந்த இறுதியாட்டத்தின்போது ஹெய்சல் மைதானத்தில் 39 பேர் உயிரிழந்த துயரத்துக்குப் பின் விதிக்கப்பட்ட தண்டனையால், யுவென்டஸின் ஊரான டூரினில் நடந்த இரண்டாவது ஆட்டம் பார்வையாளர்களே இல்லாமல் நடந்தது; யுவென்டஸ் 2-0 என்று வென்றது.

பன்யோலி 1990 வரை வெரோனாவில் இருந்தார். அந்த ஆண்டு அணி 'சீரி பி'க்கு இறங்கியதும் ஜெனோவாவுக்குச் சென்று, முதல் சீசனிலேயே அந்த அணியை நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்தார். 1992-இல் அதே அணி லிவர்பூலை அதன் ஆன்ஃபீல்ட் மைதானத்திலேயே வென்றது. இத்தாலியில் ஒரே பிரிவாக லீக் நடக்கத் தொடங்கிய 1929-க்குப் பிறகு, ஒரு மாநிலத்தின் தலைநகராக இல்லாத ஊரிலிருந்து வந்து சாம்பியன் ஆன அணி வெரோனா ஒன்றுதான்.